மூங்கில் கம்பும் ஒரு முழக் கம்பியும்



சென்ற தவணையில் எங்கள் பள்ளிப் பிள்ளைகளிடம் ஒரு வேலை சொன்னோம். பழைய வானொலிப் பெட்டி தெரியும்படியான புகைப்படம் வீட்டில் இருந்தால் கொண்டுவர வேண்டும். அதன் கதையைப் பெரியவர்களிடம் கேட்டுவர வேண்டும். வந்த படங்களில் மனிதரைவிடப் பெட்டிக்கே மரியாதை அதிகம். பின்னல் துணி விரித்த மேசையில் பெட்டி நடுவில் வீற்றிருக்கும். தாத்தா ஓரமாக நிற்பார்!

ஒரு படத்தில் மட்டும் பெட்டியே இல்லை. லயத்து வீட்டின் பக்கத்தில் ஒரு மூங்கில் கம்பு. அதன் உச்சியிலிருந்து ஒரு கம்பி சன்னலுக்குள் போகிறது. இதை ஏன் கொண்டுவந்தாய் என்று கேட்டோம். "பாட்டியின் அண்ணன் சொந்தமாக ரேடியோ கட்டினாராம்" என்றாள் சிறுமி.

மின்சாரமோ பேட்டரியோ வேண்டாத பெட்டி அது. மூங்கில் துண்டில் செப்புக் கம்பியைச் சுற்றி, ஒரு ஜெர்மானியம் டயோடும் காதுக்குழாயும் இணைத்து, ஒரு முனையை மூங்கில் கம்பத்துக் கம்பியிலும் மறுமுனையை ஈர மண்ணில் புதைத்த இரும்பிலும் கட்டுவார்கள். வானில் வரும் அலையின் வலுவே ஓசையாகிவிடும். ஒலிபரப்பு நிலையம் அருகில் இருந்தால்தான் கேட்கும். காதுக்குழாயை மங்குக் கிண்ணத்தில் போட்டால் நாலு பேர் தலையைக் குனிந்து கேட்கலாம். கடையில் வாங்கிய பேட்டரிப் பெட்டியோ வேறு. வால்வுக்கு 90 வோல்ட் பேட்டரி வேண்டும். கித்தாக் கூலியில் அது பெரிய செலவு. 1954இல் டிரான்சிஸ்டர் பெட்டிகள் விற்பனைக்கு வந்த பிறகு சிறு பேட்டரிகள் போதுமாயின. அவையும் ஓய்ந்தால் வெயிலில் காயவைத்து இன்னும் இரண்டு நாள் ஓட்டிய கதையைச் சொல்லாத வீடில்லை.

இந்நாட்டு வானொலிக்கு வித்திட்டவர்களே பொழுதுபோக்கு ஆர்வலர்கள்தாம். 1921இல் ஜொகூர் அரசின் மின்பொறியாளர் ஏ. எல். பர்ச் முதல் பெட்டியைக் கொண்டுவந்தார். 1930இல் கோலாலம்பூர் புக்கிட் பெட்டாலிங்கிலிருந்து ஆர்வலர் சங்கம் ஒன்று ஒலிபரப்பியது.

ஜப்பானியர் காலத்தில் அதே பெட்டி உயிருக்கு ஆபத்தானது. பேராக்கின் பாப்பானில் டாக்டர் கார்த்திகேசுவின் துணைவியார் சிபில், சிற்றலைப் பெட்டியை ஒளித்து வைத்து லண்டன் செய்தி கேட்டார். அதற்கு ‘ஜோசஃபின்’ என்று பெயரும் வைத்திருந்தார். கெரில்லாப் படையினருக்கு மருத்துவமும் செய்தார். 1943இல் பிடிபட்டுச் சித்திரவதை அனுபவித்தார், 1948இல் காலமானார்.

நம் பரணிலும் ஒரு பெட்டி இருக்கலாம். தயவுசெய்து அதை மின்சாரத்தில் செருகிப் பார்க்காதீர்கள். சில வால்வுப் பெட்டிகளில் உள்ளே இருக்கும் இரும்புத் தட்டிலேயே மின்சாரம் பாயும். தொட்டால் ஆளையே கொல்லும். பழைய மின்தேக்கிகளும் வெடிக்கும். பேட்டரிப் பெட்டியாயின் உடனே பேட்டரியை எடுத்துவிடுங்கள். கசிந்து செம்பையெல்லாம் அரித்துவிடும்.

பெட்டியைவிட விரைவாகப் போவது பேர்தான். சீஃபீல்டு தோட்டம் 1976 முதல் சுபாங் ஜெயாவாயிற்று. சுங்கை ரெங்கம் தோட்டம் ஷா ஆலமாயிற்று. லயம் போனால் படத்தில் இருக்கும் இடம் எதுவென்று சொல்ல ஆளில்லை. ஆகவே படத்தைப் பள்ளிக்குக் கொடுக்கு முன் பின்புறம் பென்சிலால் மெல்ல எழுதுங்கள்: யார், எந்தத் தோட்டம், ஏறத்தாழ எந்த ஆண்டு. பேனா மை முகப்பில் ஊறிவிடும்.

அந்த மூங்கில் கம்புப் படத்தைப் பாட்டி எங்களிடம் விட்டுவைக்க மறுத்துவிட்டார். நாங்கள் பிரதி எடுத்துக்கொண்டு திருப்பிக் கொடுத்தோம். பின்புறம் பேத்தியே எழுதியிருக்கிறாள்: "கம்பத்தை நட்டவர் என் பாட்டியின் அண்ணன். படம் எடுக்கும்போது அவர் உள்ளே பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்."