ஒரு மூலம், பல படிகள்



1998ஆம் ஆண்டு அரையாண்டுத் தேர்வின்போது என்னால் நேர்ந்த ஒரு பிழையை முதலில் சொல்லிவிடுகிறேன். மழை விடுமுறை காரணமாகத் தேர்வு அட்டவணையை மாற்ற வேண்டியதாயிற்று. அட்டவணை மூன்று இடங்களில் இருந்தது: என் மேசைப் பதிவேட்டில் ஒன்று, அறிவிப்புப் பலகையில் ஒன்று, விடுதிச் சுவரில் ஒன்று. முதல் இரண்டையும் நானே திருத்தினேன், மூன்றாவதை மறந்தேன். விடுதி மாணவர் அறுவர் பிற்பகல் இரண்டு மணிக்கு வடிவியற் பெட்டியும் கையுமாக வந்து நின்றனர். கணிதத் தேர்வோ காலையிலேயே முடிந்துவிட்டது. மறுதேர்வு வைத்துச் சமாளித்தோம். ஆயினும் வாசலில் நின்ற அந்த ஆறு முகங்களும் என் மனத்தை விட்டு நீங்கவில்லை.

கணிப்பொறித் துறையில் பணிபுரியும் என் பழைய மாணவர் ஒருவரிடம் அண்மையில் இதைக் கூறினேன். "ஐயா, எங்கள் தொழிலில் இது அன்றாடம் நிகழக்கூடியது" என்றார் அவர். மென்பொருள் ஒன்றை ஆக்குவோர் அதனைப் பயன்படுத்தும் முறையையும் எழுதிவைத்தல் வேண்டும். அக்கையேட்டை ஒருவர் இணையத்தில் படிப்பார். ஒருவர் தாளில் அச்சிட்டுக்கொள்வார். மற்றொருவர் கைப்பேசியில் மின்னூலாக வைத்துக்கொள்வார். ஒவ்வொன்றையும் தனித்தனியே எழுதி வந்தால், மென்பொருள் மாறும்போது ஏதேனும் ஒன்று விடுதிச் சுவராகிவிடும்.

இதற்கு அவர்கள் கண்ட வழி, மூலத்தை ஒன்றாகவே வைத்துக்கொண்டு ஏனைய படிகளைக் கணிப்பொறியைக்கொண்டே ஆக்கிக்கொள்வதாகும். இது புதிய வழியன்று. அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சன், டென்னிஸ் ரிச்சி என்னும் இருவர் யுனிக்ஸ் என்ற அமைப்பின் முதற் கையேட்டை 1971 நவம்பரில் வெளியிட்டனர். ஒவ்வொரு கட்டளைக்கும் பெயர், எழுதும் முறை, விளக்கம் என ஒரே ஒழுங்கில் தலைப்புகள் அமைந்தன. குறைகளைச் சொல்வதற்கென்றும் ஒரு தலைப்பு அதில் உண்டு! தம் குறையைத் தாமே அச்சிட்டுக் கொடுத்த அந்நேர்மை எனக்கு மிகவும் பிடித்தது. நம் பாடநூல்களுக்கும் அப்படியொரு பக்கம் இருக்கலாம். சில ஆண்டுகளுக்குள் ஒரே மூலத்திலிருந்து திரையில் படிக்கும் படியையும், அச்சுக்கோக்கும் பொறிக்கான படியையும் ஆக்கும் நிரல்கள் அங்கே உருவாயின.

மூலத்தை எழுதுவதில் ஒரு நுட்பம் உண்டு. "இவ்வரியைப் பெரிய எழுத்தில் இடுக" என்று எழுதினால் அது தாளுக்கு மட்டுமே உதவும். "இவ்வரி தலைப்பு" என்று எழுதினாலோ, அச்சு அதனைப் பெரிதாக்கிக்கொள்ளும். இணையப் பக்கம் அதனைப் பொருளடக்கத்திற் சேர்க்கும். பார்வையற்றோர்க்குப் படித்துக்காட்டும் கருவி அதைத் தலைப்பென்றே அறிவிக்கும். ஒரு பகுதியின் தோற்றத்தைக் கூறாது, அது இன்னதென்று கூறுவதே முறை. இக்கருத்தைக்கொண்டு ஐ.பி.எம். நிறுவனத்தில் கோல்டுபார்ப், மோஷர், லோரி ஆகிய மூவர் 1969இல் ஒரு குறிமொழியை வகுத்தனர். அதன் வழிவந்த எஸ்.ஜி.எம்.எல். என்பது 1986இல் உலகத் தரமாக ஏற்கப்பட்டது.

இனி, உங்களில் பலர் பயிலும் பைத்தான் மொழியைப் பாருங்கள். அதன் கையேட்டுக்கென கியார்க் பிராண்டில் ஆக்கிய ஸ்பிங்க்ஸ் என்னும் கருவி 2008இல் வெளிவந்தது. கையேட்டின் மூலம் எளிய எழுத்துக் கோப்புகளாக, நிரல் இருக்கும் அதே சேமிப்பிடத்தில் ஒரு கோப்புறையில் இருக்கிறது. ஆகவே நிரலைத் திருத்துபவர் அதே திருத்தத்தோடு விளக்கத்தையும் மாற்றி அனுப்பலாம். சரிபார்ப்பவர் இரண்டையும் ஒருங்கே காண்பார். எந்தப் பதிப்பில் எது மாறிற்று என்பதைக் குறிக்கவும் தனிக் குறிகள் உள்ளன. அம்மூலத்திலிருந்து இணையப் பக்கங்கள், பி.டி.எஃப்., ஈபப் மின்னூல், வெற்றெழுத்துக் கோப்பு ஆகிய யாவும் பிறக்கின்றன.

ஆனால் மூலத்தில் பிழையிருந்தால் அதுவும் எல்லாப் படிகளிலும் பிசகாமல் ஏறிவிடுமன்றோ? ஏறத்தான் செய்யும். கருவி ஒருமையைத் தருமேயன்றி உண்மையைத் தராது. இதற்கும் ஓரளவு மாற்று உண்டு. பைத்தானில் 2001 முதல் டாக்டெஸ்ட் என்றொரு பகுதி இருக்கிறது. கையேட்டில் காட்டிய எடுத்துக்காட்டுகளை அது இயக்கிப் பார்த்து, அங்கே எழுதிய விடையும் பொறி தரும் விடையும் வேறுபட்டால் உடனே சொல்லிவிடும். கணக்குப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்துத் தவறான விடையை நம்பி, சரியாகக் கணக்கிட்ட பிள்ளையைத் திரும்பச் செய்யச் சொன்ன ஆசிரியர்களுள் நானும் ஒருவன். அதனால் இதன் அருமை எனக்குத் தெரியும். எடுத்துக்காட்டு அல்லாத வெறும் உரைநடையைச் சோதிக்க அதனால் இயலாது. அதற்குப் படித்துப் பார்க்கும் மனிதர்தாம் வேண்டும்.

மொழிபெயர்ப்புக்கும் ஸ்பிங்க்ஸில் ஓர் ஏற்பாடு உண்டு. மூலத்தைப் பத்தி பத்தியாகப் பிரித்துக் கொடுக்கும். மொழிபெயர்ப்பாளர் ஒவ்வொன்றின் கீழும் தம் மொழியில் எழுதலாம். பின்னர் மூலத்தில் ஒரு பத்தி மாறினால், அதன் மொழிபெயர்ப்பு மட்டும் ஐயத்துக்குரியதெனக் குறிக்கப்படும். சரிபார்க்கும் வரையில் அவ்விடத்தில் வழக்கமாக மூல மொழியே தோன்றும். தமிழ்ப் பக்கத்தின் நடுவே ஓர் ஆங்கிலப் பத்தி நிற்பது கண்ணை உறுத்தத்தான் செய்யும். என் மாணவரிடம் அதையும் சொன்னேன். "விடுதிச் சுவரில் பழைய அட்டவணைக்குப் பதிலாக, அலுவலகத்திற்கு வந்து கேட்கவும் என்று ஒரு சீட்டு ஒட்டியிருந்தால்?" என்று அவர் கேட்டார். எனக்கு மறுமொழி தோன்றவில்லை.