உடம்பெனும் இசைக்கருவி
(கும்பாபிஷேக விழாச் சொற்பொழிவு)



திருப்பணி தொடங்குவோர் கோபுரத்தின் இடுக்குகளை முதலில் ஆராய்வர். அங்கே பறவையின் எச்சத்திலிருந்து அரசங்கன்று முளைத்திருக்கும். இளங்கன்றாயின் கையாலேயே களைந்துவிடலாம். வேரூன்ற விட்டாலோ கல்லையும் பிளந்துவிடும். இசையாலும் ஆடலாலும் ஆலயக் கைங்கரியம் புரியும் கலைஞரின் உடம்பில் தோன்றும் நோவும் அத்தகையதே. உடம்பை இறைவன் உறையும் கோயிலாகக் கண்டு பேணியவர் திருமூலர். அந்நெறி கலைஞர்க்கு மிகவும் உரியது.

நாகசுர வித்துவான் மாற்றுச் சீவாளிகளை வாத்தியத்திலேயே கோத்துத் தொங்கவிட்டிருப்பார். ஆனால் சீவாளியைப் பற்றும் உதட்டுக்கு மாற்று ஏது? தவில் வித்துவான் வலக்கை விரல்களுக்குக் கூடு அணிகிறார். அப்பெருவாத்தியத்தைத் தோளில் சுமந்து, சுவாமி புறப்பாட்டில் வீதி முழுவதும் வாசிக்கிறார். விரலுக்குக் கூடு உண்டு. தோளுக்கும் முதுகுக்கும் செவிக்கும் காப்பு எது? 85 டெசிபல் அளவுள்ள ஒலியை நாளொன்றுக்கு 8 மணி நேரத்துக்கு மேல் கேட்டல் தீங்கு என்பது அறிஞர் வகுத்த வரம்பு. ஒலி 3 டெசிபல் ஏறுந்தோறும் அந்நேரம் பாதியாகக் குறையும். உட்செவியின் நுண்மயிர் அணுக்கள் அழிந்தால் மீண்டும் தோன்றுவதில்லை. ஆதலின் ஒலிபெருக்கியின் எதிரே அமராமையும், இடையிடையே ஓய்வும், செவியடைப்பானும் இன்றியமையாதவை.

ஆடலிலும் இவ்வாறே. அரைமண்டியில் தொடைகள் இடுப்பு மூட்டிலிருந்து வெளிப்புறம் திரும்ப வேண்டும். முழங்கால் பாதத்தின் திசையிலேயே நிற்க வேண்டும். பாதத்தை மட்டும் வலிந்து திருப்பினால் முழங்கால் முறுக்குண்டு நோகும். கருங்கல்லும் சிமெண்டுத் தரையும் தட்டடவின் அதிர்ச்சியைத் தாங்கிக்கொள்வதில்லை. அது முழுவதும் எலும்பையே சாரும். நாள்தோறும் அவ்வதிர்ச்சி பெருகின், எலும்பில் மயிரிழை போன்ற முறிவு உண்டாகும். அடியில் இடைவெளி விட்டு அமைத்த மரத்தளம் அதிர்ச்சியைத் தணிக்கும்.

நோவை வெளியிட்டால் வாய்ப்புப் போய்விடுமோ என அஞ்சி மறைப்போர் பலர். பொறுத்துக்கொள்வதே பக்தி என்று எண்ணுவோரும் உளர். இறைவன் தந்த கருவியைப் பாழாக்குதல் பக்தியாகாது. 1981ஆம் ஆண்டில் திருச்சிராப்பள்ளி அருகே நேர்ந்த சாலை விபத்தின் விளைவாக, பரதநாட்டியக் கலைஞர் சுதா சந்திரன் தம் வலக்காலை இழந்தார். மருத்துவர் சேத்தியும் கைவினைஞர் ராமச்சந்திர சர்மாவும் உருவாக்கிய ஜெய்ப்பூர்ச் செயற்கைக் காலைப் பொருத்தி, படிப்படியாகப் பயின்று, 1984ஆம் ஆண்டில் மீண்டும் அரங்கேறினார். மனவுறுதியோடு மருத்துவமும் கைகோத்தமையாலன்றோ அந்த ஆடல் மீண்டது!

கோயிலுக்கு 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை கும்பாபிஷேகம் செய்தல் மரபு. உடம்போ அத்துணைக் காலம் காத்திராது. நோவு தோன்றியவுடன் மருத்துவரை நாடுதல் கலைஞர் கடன். வாசிப்பின் இடையே அமர இருக்கையும், அருந்த நீரும், ஆடுதற்கு மரத்தளமும் அளித்தல் கோயிலார் கடன். சந்நிதியில் எழும் மங்கல இசை நெடுங்காலம் ஒலிக்க இறைவன் திருவருள் புரிவானாக!