பொது நிரல், தனிக் கணக்கு

மைசூருவுக்கும் வானொலிக்கும் பழைய உறவு உண்டு. மகாராஜா கல்லூரி உளவியல் பேராசிரியர் எம். வி. கோபாலசாமி 1935ஆம் ஆண்டிலேயே தம் இல்லத்திலிருந்து ஒலிபரப்பைத் தொடங்கினார். 'ஆகாசவாணி' என்னும் பெயர் அந்நிலையத்தில் வழங்கியதே. வானொலியில் ஒருவர் சொல் அனைவர்க்கும் பொது. நாம் இன்று பேசப் புகுவதோ இதற்கு மாறானது: அனைவர்க்கும் பொதுவான நிரலில் அவரவர் கணக்கை அவரவர்க்கே உரியதாகக் காத்தல்.

1988ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் ஐபிஎம் நிறுவனம் ஏஎஸ்/400 என்னும் இடைத்தரக் கணிப்பொறியை அறிவித்தது. அதன் வழித்தோன்றல்கள் இன்றும் வணிக நிறுவனங்களில் உழைத்து வருகின்றன. இவற்றில் நிரல் ஒன்று. அதனை ஒரே நேரத்தில் இயக்குவோர் பலர்.

மைசூருவில் ஓர் எழுத்தரும் மண்டியாவில் ஓர் எழுத்தரும் ஓய்வூதியப் பட்டியலை ஒரே வேளையில் தயாரிப்பதாகக் கொள்வோம். நிரல் இருவர்க்கும் ஒரே தற்காலிகக் கோப்பைப் பயன்படுத்தினால், பின்னவர் தொடங்கும்போது முன்னவர் எழுதியது அழியும். அல்லது இரண்டும் கலக்கும். ஒரே சிலேட்டில் இருவர் கணக்குப் போட்ட கதைதான். இயந்திரம் 'பிழை' என்று கூவாது. ஒரு முதியவரின் தொகை மற்றொருவர் பெயரில் அச்சாகி வரும்போதே தீங்கு தெரியவரும்.

பயனர் பெயரால் கோப்பைப் பிரிக்கலாமே என்பீர்கள். அவரே இரு திரைகளில் பணி தொடங்கினால் அதுவும் பயனற்றுப் போகும். ஆகவே ஏஎஸ்/400 ஒவ்வொரு பணிக்கும் ஆறிலக்க எண்ணும், 'க்யூடெம்ப்' என்னும் தனி நூலகமும் வழங்குகிறது. பெயர் எல்லோர்க்கும் ஒன்றே, உள்ளிருப்பதோ வெவ்வேறு. ஒரு பணியின் நூலகத்துள் மற்றொரு பணி எட்டிப் பார்க்க இயலாது. பணி முடிந்ததும் அந்நூலகம் தானே மறையும்.

இங்கும் எச்சரிக்கை வேண்டும். திரையிலிருந்து பின்னணிக்கு அனுப்பப்படும் வேலை ஒரு புதிய பணியாகும். அதற்கு வேறு க்யூடெம்ப் உண்டு. முன்னதில் வைத்த கோப்பு அதன் கண்ணுக்குப் புலப்படாது. அதற்கு வேண்டியவற்றைப் பணி எண்ணால் பெயரிட்ட பொதுக் கோப்பில் வைத்து, முடிந்தபின் அழிப்பதே முறை.

நிலையான பதிவேடுகளுக்கு இது போதாது. 2014ஆம் ஆண்டில் வெளிவந்த ஐபிஎம் ஐ 7.2 பதிப்பு, இன்னார் இன்ன வரிசைகளை மட்டுமே காணலாம் என்னும் விதியைத் தரவுத்தளத்திலேயே எழுத இடந்தந்தது. நிரலாளர் ஒருவர் மறந்தாலும் விதி மறவாது.

இந்திய நாடாளுமன்றம் 2023இல் எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை இயற்றியுள்ளது. ஆயினும் சட்டம் சொல்வதற்கு முன்பே நாம் அறிந்த அறம் ஒன்றுண்டு: பிறர் மடலைப் பிரித்துப் படித்தல் தகாது. மைசூருவின் பயிற்சிக் கூடங்களில் நிரல் எழுதப் பழகும் இளைஞர், தாம் எழுதும் ஒவ்வொரு வரியின் மறுபுறத்திலும் ஒரு குடும்பத்தின் கணக்கு இருப்பதை நினைவிற்கொள்வாராக.