மூடாத இமை



நான் பேசத் தொடங்கிய இந்தச் சில நொடிகளிலேயே உங்கள் இமைகள் ஓரிரு முறை மூடித் திறந்திருக்கும். நீங்கள் கவனித்திருக்க மாட்டீர்கள். விழித்திருக்கும் ஒருவர் நிமிடத்துக்கு ஏறத்தாழ 15 முதல் 20 முறை இமைக்கிறார். ஒவ்வொரு முறையும் இமை தூசியைத் துடைக்கிறது. கண்ணீரை மெல்லிய படலமாகப் பரப்புகிறது. அந்த ஈரம் சீக்கிரம் காய்ந்துவிடாதபடி, இமை விளிம்பிலுள்ள சிறு சுரப்பிகள் எண்ணெய்ப் பசையைச் சுரக்கின்றன. கன்டெய்னர் லாரிக்குப் பின்னால் தூசியில் பைக் ஓட்டிச் செல்பவருக்கும், அடுப்புப் புகையில் நிற்பவருக்கும் இந்தக் காவல் ஓயாமல் நடக்கிறது.

கண்ணை இமை காப்பதுபோல் என்று நம் வீடுகளில் சொல்கிறோம். இணைச்சட்டம் 32ஆம் அதிகாரத்தில் மோசேயும், பாலைநிலத்தில் இஸ்ரயேலை ஆண்டவர் காத்த விதத்தைச் சொல்ல, கண்மணியைத்தான் நினைக்கிறார். நாம் கவனிக்காத போதும் நடக்கும் காவல் அது.

அந்த இமை மூடாமல் போனால்? தொழுநோய் முக நரம்புகளைத் தாக்கும்போது இரண்டு இழப்புகள் நேரலாம். இமையை மூடும் தசை தளர்ந்துவிடும். கருவிழியின் உணர்வும் மரத்துப்போகும். தூசி விழுந்தாலும் உறுத்தாது. உறுத்தாததால் இமைக்கவும் தோன்றாது. கண் காய்ந்து, புண்ணாகி, பார்வையே போய்விடலாம்.

வேலூரிலும் அருகிலுள்ள கரிகிரி தொழுநோய் மருத்துவமனையிலும் இத்தகைய நோயாளிகளின் கண்களுக்காக உழைத்தவர் டாக்டர் மார்கரெட் பிராண்ட். இவர்களுக்கென்று ஓர் அறுவைச் சிகிச்சை உண்டு. மெல்லுவதற்கு உதவும் நெற்றிப்பொட்டுத் தசையின் ஒரு கீற்றை இமைகளோடு இணைப்பார்கள். அதன்பின் பல்லைக் கடித்தால் இமை மூடும். ஆனால் அவர் நினைவு வைத்துக்கொண்டு, நாள் முழுவதும் அடிக்கடி பல்லைக் கடிக்க வேண்டும். நாம் யோசிக்காமல் செய்வதை அவர் பயிற்சியாகச் செய்து பார்வையைக் காத்துக்கொள்கிறார்.

அன்பானவர்களே, கண் மட்டுமல்ல, மனமும் மரத்துப்போகும். 2023 டிசம்பர் 26 நள்ளிரவு. எண்ணூரில் ஓர் உரத் தொழிற்சாலைக்குச் செல்லும் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. பெரியகுப்பம், சின்னக்குப்பம் மக்கள் கண்ணெரிச்சலோடும் மூச்சுத் திணறலோடும் வீடுகளை விட்டு ஓடினார்கள். அதே மாதத் தொடக்கத்தில்தான் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவு வந்து, எண்ணூர்க் கழிமுகத்தில் மீனவர்களின் படகிலும் வலையிலும் ஒட்டியிருந்தது. எம்.கே.பி. நகரிலிருந்து எண்ணூர் வெகுதூரமில்லை. ‘அந்தப் பக்கம் எப்பவும் அப்படித்தான்’ என்று சொல்லப் பழகிவிட்டால், நம் கருவிழி மரத்துவிட்டது என்றுதான் பொருள்.

லூக்கா 10ஆம் அதிகாரத்தில், அடிபட்டுக் கிடந்தவரைக் குருவும் பார்த்தார், லேவியரும் பார்த்தார். இருவருக்கும் பார்வையில் குறை இல்லை. சமாரியருக்கோ உறுத்தியது. அதனால் அருகில் போனார், காயத்தைக் கட்டினார், சத்திரச் செலவையும் ஏற்றுக்கொண்டார்.

நமக்கும் இரக்கம் தானாக வராத நாட்கள் உண்டு. வேலைக் களைப்பு, கடன், வீட்டுக் கவலை. அந்த நாட்களில் கரிகிரி நோயாளியை நினைத்துக்கொள்வோம். தோன்றாவிட்டாலும் செய்வோம். இந்த வாரம், தனியாக இருக்கும் பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் மாத்திரை இருக்கிறதா என்று கேளுங்கள். எண்ணூர், திருவொற்றியூர்ப் பக்கம் உறவினர் இருந்தால், பிள்ளைகளுக்கு இருமல் எப்படி என்று போன் செய்து விசாரியுங்கள். இன்று முயன்று செய்வது நாளடைவில் பழக்கமாகும்.

கண் அயராமல் எங்களைக் காக்கும் ஆண்டவரே, பிறர் துன்பம் எங்களை உறுத்தும்படி செய்தருளும். ஆமென்.