செமஸ்டர் தொடங்கும் முன் அனுப்ப வேண்டிய மனு

(முதுகலை, முனைவர் பட்ட மாணவர்களுக்கான அறிமுக நிகழ்வில் பேசியதன் எழுத்து வடிவம்)



இதழியல் முதுகலையில் என் ஆய்வு, எங்க ஊர் ஏரிகளைப் பற்றியது. தலைப்பு கிடைச்சதும் ரெண்டு மாசம் படிச்சுக்கிட்டே இருந்தேன். அப்புறம்தான் ஏரிகளோட பழைய பரப்பளவு விவரம் கேட்டு, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு போட்டேன். பதில் வந்துச்சு. ஆனா, ஆய்வேட்டை பைண்டிங் கொடுத்த மறுவாரம்! வைவாவில் முதல் கேள்வியே, "பரப்பளவு அட்டவணை எங்கே?" என்பதுதான்.

தப்பு என்னுடையது. பதில் தர சட்டம் 30 நாள் அவகாசம் தருது. பதில் வராவிட்டால் மேல்முறையீடு. அதற்கும் 30 முதல் 45 நாள். கூட்டிப் பாருங்க, பாதி செமஸ்டர் போயிடும்.

அதனால் இன்றைக்கே ஒரு தாளில் ரெண்டு பத்தி போடுங்க. ஒன்றில், நம்ம கையில் இருக்கும் வேலைகள்: படிப்பது, குறிப்பெடுப்பது, எழுதுவது. இன்னொன்றில், அடுத்தவர் பதிலுக்குக் காத்திருக்க வேண்டிய வேலைகள்: தரவு, கள அனுமதி, வழிகாட்டியின் கடிதம். இந்த ரெண்டாவது பத்தியை விடுமுறையிலேயே தொடங்கிடுங்க. ஆர்.டி.ஐ. மனுவுக்குக் கட்டணம் 10 ரூபாய்தான். பல துறைகளுக்கு மொபைலிலேயே விண்ணப்பிக்கலாம். எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் பழைய ஆவணம் பார்க்கணும்னா, அனுமதிக்கு முன்கூட்டியே எழுதுங்க.

காத்திருக்கும் நாட்கள் வீணாகாது. 'சோத்கங்கா' தளத்தில் இந்தியப் பல்கலைக்கழகங்களின் முனைவர் பட்ட ஆய்வேடுகள் இலவசமாகக் கிடைக்குது. உங்க தலைப்பில் ஏற்கெனவே யார் என்ன செய்திருக்காங்கன்னு அங்கே தேடுங்க. பழைய தமிழ் நூல்களுக்குத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் இருக்கு. அதிலும் கிடைக்காததைத் தேட, 1896-இல் திறக்கப்பட்ட கன்னிமாரா நூலகம் இருக்கு.

முனைவர் பட்ட மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022 விதிகளின்படி, ஆய்வுக்காலம் குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 6 ஆண்டு. பாடநெறிக் காலமும் அதற்குள்தான் அடக்கம். பெண் ஆய்வாளர்களுக்கு 240 நாள் வரை மகப்பேறு, குழந்தைப் பராமரிப்பு விடுப்பு உண்டு. கேட்கத் தயங்காதீங்க.

புத்தகம் நாளைக்கும் அலமாரியில் இருக்கும். மனுவை மட்டும் இன்றைக்கே அனுப்பிடுங்க.