முதல் வீடும் முற்பணமும்

வீடு கட்டுதல் பெரும்பாலான குடும்பங்களுக்கு வாழ்வில் ஒருமுறையே வாய்க்கும் காரியம். பயிர்ச்செய்கையிற் பிழை நேர்ந்தால் அடுத்த போகத்தில் திருத்திக்கொள்ளலாம்; அத்திவாரத்தில் நேர்ந்த பிழையைத் திருத்துதல் அரிது. ஆதலால் முதல் வீடு கட்டுவோர், கல்லையும் மண்ணையும் அறிவதோடு, பணத்தை எப்போது கொடுப்பது, எப்போது நிறுத்துவது என்பதையும் அறிந்திருத்தல் வேண்டும்.

இதற்கு வன்னிப் பெருநிலமே சான்று. 2009ஆம் ஆண்டிற் போர் முடிந்தபின், கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்டங்களில் மீளக்குடியமர்ந்த மக்கள் ஆயிரக்கணக்கான வீடுகளை எழுப்பினர். இந்திய அரசு 2010இல் அறிவித்த 50,000 வீட்டுத் திட்டத்தின் பெரும்பகுதி, வடக்கு, கிழக்கு மாகாணங்களில் 2012 ஒக்டோபர் 2ஆம் நாள், காந்தியடிகள் பிறந்த தினத்தன்று தொடங்கிற்று. வீட்டுக்கு உரியவரே மேசனை அமர்த்திப் பொருள் வாங்கிக் கட்டுதல் அதன் முறை. புதிய வீடொன்றுக்கு 550,000 ரூபா. அப்பணம் ஒருங்கே வழங்கப்படவில்லை. வேலையின் முன்னேற்றத்தைப் பார்த்துக் கட்டங்கட்டமாக வங்கிக் கணக்கிற் சேர்க்கப்பட்டது.

அம்முறையில் ஒரு நன்மையும் இருந்தது. ஓர் இடர்ப்பாடும் இருந்தது. ஒரே காலத்தில் ஊர்தோறும் வீடுகள் எழவே, தேர்ந்த மேசன்மார் கிடைப்பது அரிதாயிற்று; மணலும் சீமெந்தும் விலையேறின. கணவனை இழந்த தாயொருத்தி இந்நிலையில் வீடு கட்டுவதை நேயர்கள் எண்ணிப்பார்க்கலாம். மேசன் முற்பணம் கேட்கிறார். கொடாவிடின் வேறிடம் போய்விடுவார் என அவள் அஞ்சுகிறாள். கொடுத்தபின்போ, யன்னல் மட்டத்தில் சுவரை விட்டு அவர் போய்விடுகிறார். சுவர் முடியாமல் அடுத்த தவணை வாராது. தவணை வாராமல் வேறொரு மேசனுக்குக் கூலி இல்லை. மகளின் காதணி அடகுக்குப் போகிறது. மாரியும் நெருங்குகிறது.

இதனைத் தடுக்கும் வழி யாது? தவணைப் பணம் தமக்கு வந்த முறையையே வீட்டுக்காரர் மேசனிடத்திலும் கைக்கொள்வதாகும். அத்திவாரம், சுவர், கூரை, பூச்சு என வேலையைப் பகுத்து, ஒவ்வொன்றுக்கும் உரிய தொகையையும் நாளையும் கடதாசியில் எழுதி, சாட்சிகளுடன் இருவரும் கையொப்பமிடல் வேண்டும். சீமெந்தும் மணலும் கலக்கும் அளவு, சீமெந்துக் கல் அரிபவர் யார், தண்ணீர் ஊற்றுபவர் யார் என்பனவும் அதில் இடம்பெறல் நன்று. முடிந்த வேலையைப் பணம் முந்துதல் ஆகாது. இறுதித் தொகையிற் சிறு பங்கு ஒரு மாரி கழியும்வரை நிற்கட்டும். ஒழுகும் கூரையை மழையே காட்டிக்கொடுக்கும்.

குறைகள் யாவும் ஒரு தன்மையன அல்ல. பூச்சில் மயிரிழைபோல் ஓடும் வெடிப்பு, பெரும்பாலும் ஈரம் விரைந்து உலர்ந்ததால் வருவது, அஞ்சத்தக்கதன்று. யன்னல் மூலையிலிருந்து சரிவாக ஓடி, நாளுக்கு நாள் அகலும் வெடிப்போ, அத்திவாரம் அசைவதன் அறிகுறியாகலாம். துணுக்காய்ப் பகுதியிற் காணப்படும் கரிய களிமண் மழையிற் பருத்துக் கோடையிற் சுருங்கிப் பிளக்கும். அத்தகைய நிலத்தில் ஆழமற்ற அத்திவாரம் நிலையாது. சீமெந்து வேலைக்குக் குறைந்தது ஏழு நாளாவது ஈரம் வேண்டும். கிணறு வற்றும் கோடையில் அதை மறந்தால் கல்லின் உறுதி குன்றும், பூச்சு உதிரும். வெடிப்பின் இரு முனைகளையும் பென்சிலாற் குறித்து, நாளுடன் ஒரு கொப்பியில் எழுதிவைத்தால், அது வளர்கிறதா என்பதைத் தொழில்நுட்ப உத்தியோகத்தருக்கும் மேசனுக்கும் ஐயமறக் காட்டலாம்.

மேசனும் உழைத்துண்பவரே. வேலை நடுவில் அறையைப் பெருப்பித்துவிட்டுப் பழைய தொகையையே கொடுப்பது நீதியன்று; மாற்றமும் அதற்குரிய கூலியும் அன்றன்றே எழுதப்படல் வேண்டும்.

பேசியும் தீராத பிணக்கை, 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் அமைந்த மத்தியஸ்த சபைக்குக் கொண்டுசெல்லலாம். அங்கே சட்டத்தரணிகள் வாதாடுவதில்லை. சபை தீர்ப்பு வழங்குவதுமில்லை. இரு தரப்பாரையும் இணங்கச் செய்வதே அதன் பணி. இணக்கம் கூடாவிடின் அதற்குச் சான்றிதழ் தரும். அதன்பின் நீதிமன்றத்தை நாடலாம். எங்குச் சென்றாலும் முதலில் எழும் வினா, இருவரும் உடன்பட்டது என்ன என்பதே. கையொப்பமிட்ட கடதாசி உடையவர் அவ்வினாவுக்கு விடை தேடி அலையவேண்டியதில்லை.