பாதியில் நின்ற மருந்து



சயரோகம் என்றதும் நம் தோட்டத்துப் பெரியவர்கள் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். காசநோய், டீபி, எலும்புருக்கி என்று எந்தப் பெயரைச் சொன்னாலும் அந்தத் தயக்கம் இன்னும் முற்றாக அகலவில்லை. அவர்கள் அஞ்சியதிலும் நியாயம் உண்டு. எழுத்தாளர் புதுமைப்பித்தன் 1948-ஆம் ஆண்டு இந்நோயால்தான் மாண்டார். அப்போது அவருக்கு வயது 42.

அதே ஆண்டில்தான் ஸ்டிரெப்டோமைசின் என்னும் புது மருந்தைப் பற்றிய ஆராய்ச்சி முடிவு இங்கிலாந்தில் வெளியாயிற்று. படுத்த படுக்கையாய்க் கிடந்தவர்கள் எழுந்து உட்கார்ந்தார்கள். ஆனால் சில மாதங்களில் பலருக்கு நோய் திரும்பிற்று. அவர்கள் உடலிலிருந்த கிருமிகள் அந்த மருந்துக்குச் சாகவில்லை.

இது எப்படி நடக்கிறது? மருந்தடிக்கும் வேலை செய்யும் நம் அக்காமார்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். 1990-களின் பிற்பகுதியில் பேராக், தெலுக் இந்தான் பக்கத்தில், கிளைபோசேட் மருந்துக்குச் சாகாத ஒருவகைப் புல் கண்டறியப்பட்டது. ஒரே மருந்தைத் திரும்பத் திரும்ப அடித்தால், சாகிற புல் செத்துவிடும். எங்கோ ஒன்றிரண்டு தாங்கி நிற்கும். அதன் விதைதான் பிறகு நிலம் முழுவதும் முளைக்கும். நோயுற்ற நுரையீரலில் கோடிக்கணக்கான காசக் கிருமிகள் இருக்கின்றன. அவற்றுள்ளும் ஒரு மருந்தைத் தாங்கக்கூடியவை சில இருக்கும். ஆகையால்தான் டாக்டர் நான்கு மருந்துகளை ஒன்றாகக் கொடுக்கிறார். ஒன்றுக்குத் தப்பியது மற்றொன்றுக்குத் தப்பாது. வழக்கமான சிகிச்சை ஆறு மாதம்: முதல் இரண்டு மாதம் நான்கு மருந்து, பிறகு நான்கு மாதம் இரண்டு மருந்து.

தொல்லை இரண்டாம் மாதத்தில்தான் ஆரம்பமாகிறது. இருமல் நின்றுவிட்டது, பசி எடுக்கிறது, உடம்பு தேறிவிட்டது. இனி எதற்கு மாத்திரை? ஒரு பால்வெட்டுக்காரரை நினைத்துப் பார்ப்போம். செர்டாங் பக்கத்துத் தோட்டம். கிளினிக்குக்குப் போனால் அரைநாள் வேலை போகிறது. சிறுநீர் செம்மஞ்சளாகப் போவதைப் பார்த்து, இரத்தம்தான் போகிறதோ என்று வீட்டார் பயப்படுகிறார்கள். (அது ரிஃபாம்பிசின் மருந்தின் நிறம், பயப்படத் தேவையில்லை.) மருந்து சாப்பிட்டால் குமட்டுகிறது. அதோடு மாலையில் சம்சு வேறு. சம்சும் இம்மருந்துகளும் சேர்ந்தால் கல்லீரல் தாங்காது. ஆகவே ஏதேனும் ஒன்றை விட வேண்டும். பெரும்பாலும் மருந்துதான் விடப்படுகிறது! இத்தகையவரை 'அலட்சியக்காரர்' என்று ஏசுவது சுலபம். ஏசுகிறவர்கள் அவருடைய அரைநாள் சம்பளத்தையும் பஸ் கட்டணத்தையும் கொஞ்சம் கணக்கிட்டுப் பார்க்கட்டும்.

ஏழை வீட்டில் இந்நோயைக் குணப்படுத்த முடியுமா என்ற கேள்விக்கு, நம் முன்னோர் கப்பலேறிய தமிழ்நாட்டிலேயே விடை கிடைத்தது. 1956-இல் சென்னை சேத்துப்பட்டில் ஓர் ஆராய்ச்சி நிலையம் அமைந்தது. நோயாளிகளில் ஒரு பகுதியினரை ஆஸ்பத்திரியில் சேர்த்து, நல்ல உணவும் ஓய்வும் கொடுத்தார்கள். மற்றப் பகுதியினர் நெருக்கடியான தங்கள் வீடுகளிலேயே இருந்து மருந்து சாப்பிட்டார்கள். 1959-இல் முடிவு வந்தது. இரு சாராரும் ஏறக்குறைய ஒரே அளவில் குணமடைந்தார்கள். வீட்டிலிருந்தோரின் குடும்பத்தினருக்கும் அதனால் கூடுதலாக நோய் பரவவில்லை. முட்டையும் மெத்தையும் அல்ல, தவறாமல் உட்கொண்ட மருந்தே குணப்படுத்திற்று. ஆனால் அங்கே ஊழியர்கள் சொல்லாமல் வீட்டுக்கு வந்து மாத்திரைகளை எண்ணினார்கள், சிறுநீரையும் சோதித்தார்கள். இன்று நம் கிளினிக்கில் தாதியின் கண்முன்னே மாத்திரையை விழுங்கச் சொல்வதும் அந்த அனுபவத்தின் வழியில் வந்ததே. அதை அவமானமாக எண்ண வேண்டியதில்லை.

பாதியில் விட்டால் என்ன ஆகும்? மீண்டும் இருமல் வரும். ஐசோனியாசிட், ரிஃபாம்பிசின் என்ற இரு முக்கிய மருந்துகளுக்குமே கிருமி அடங்காமற் போனால், அதைப் பன்மருந்து எதிர்ப்புக் காசநோய் என்கிறார்கள். முன்பு இதற்கு ஒன்றரை ஆண்டுக்கு மேலும் சிகிச்சை தேவைப்பட்டது. மாதக்கணக்கில் போட்ட ஊசியால் காது கேளாமற் போனவர்களும் உண்டு. 2022-இல் உலகச் சுகாதார நிறுவனம் ஆறு மாதச் சிகிச்சை ஒன்றைப் பரிந்துரைத்தது. ஆயினும் அது எல்லா நோயாளிகளுக்கும் பொருந்துவதன்று. இதைவிடக் கொடுமை வேறொன்று. அப்பா இருமும்போது காற்றில் கலப்பது அந்த அடங்காத கிருமிதான். ஒரு மாத்திரைகூடச் சாப்பிட்டறியாத குழந்தைக்கு, முதல் நோயே மருந்துக்கு அடங்காத நோயாக வந்து சேரும்.

மருந்து ஒத்துக்கொள்ளாவிட்டால் என்ன செய்வது? கண் மஞ்சளானாலோ, பார்வை மங்கினாலோ, வாந்தி நிற்காவிட்டாலோ அன்றே டாக்டரிடம் போக வேண்டும். அவர் மருந்தை மாற்றுவார், அல்லது சில நாள் நிறுத்தித் திரும்பத் தொடங்குவார். எதை நிறுத்துவது, எதைத் தொடர்வது என்று அவர்தான் சொல்ல வேண்டும்.

வேலை மாறி வேறு ஊருக்குப் போகிறவர்கள் பலர். வீட்டுச் சாமான்களைக் கட்டும் முன் கிளினிக்கில் சொல்லிவிடுங்கள். எத்தனை மாதம் மருந்து முடிந்தது, எது பாக்கி என்று எழுதிக் கொடுப்பார்கள். புது ஊர்க் கிளினிக்கில் அந்தத் தாளைக் காட்டினால், விட்ட இடத்திலிருந்து சிகிச்சை தொடரும்.